வளவுல வல்லாரை: மணல் தரையில நட்டு சம்பலுக்கு இலை வெட்டுற வரைக்கும்

வல்லாரைச் சம்பல் நம்மட பக்கத்துல எல்லா வீட்டுச் சோத்தோடயும் வாற சாமான்தான், ஆனா அந்த இலை எந்தத் தண்ணியில வளந்தது எண்டு கேட்டா சந்தையில வித்த ஆளுக்கும் தெரியாது, வாங்கின நமக்கும் தெரியாது. முருங்கையிலை, அகத்தி, முளைக்கீரை எல்லாம் அடுப்புல ஏறித்தான் கோப்பைக்கு வருது, வல்லாரை மட்டும் பச்சையா அரிஞ்சு தேங்காய்ப்பூவும் தேசிப்புளியும் போட்டுப் பிரட்டி அப்பிடியே வாய்க்குள்ள போகுது. அதனாலதான் தோட்டம் செய்யத் தொடங்குற ஆக்கள் எதை முதல்ல நடலாம் எண்டு கேட்டா நான் வல்லாரையைச் சொல்றது. பெரிய வளவு தேவையில்ல, பழைய பெட்டி ஒண்டு, கொஞ்சம் நிழல், உப்பில்லாத தண்ணி, இவ்வளவும் இருந்தா காணும்.

இத நான் எழுதுறது முக்கியமா மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் கடற்கரை ஓரத்து ஆக்களுக்கு, கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, அங்கால கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, தம்பிலுவில் எண்டு கடலோரமாப் போற ஊர்கள்ல மண் எப்பிடி எண்டு உங்களுக்கே தெரியும், ஒரு வாளி தண்ணி ஊத்தினா அடுத்த நிமிசம் ஊத்தின இடம் தெரியாது. வல்லாரையோ குளக்கரை, வாய்க்கால் ஓரம், வயல் வரம்பு மாதிரி எப்பவும் ஈரம் நிக்கிற இடத்துல படர்ற செடி. வேர் ஆழமாப் போகாது, மேல் மண்ணுலதான் நிக்கும், மேல் மண் ஒரு நாள் காஞ்சாலும் இலை தொங்கிரும். ஆக நம்மட மணல்ல வல்லாரை வளக்கிறதெண்டா முக்கால்வாசி வேலை ஈரத்தைப் பிடிச்சு வைக்கிறதுதான், மிச்சமெல்லாம் அது தானாப் பாத்துக்கொள்ளும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால உள்ள படுவான்கரைப் பக்கம், கொக்கட்டிச்சோலை, வவுணதீவு மாதிரி களி மண் உள்ள இடங்கள்ல ஈரம் தானா நிக்கும், அங்க உள்ள ஆக்கள் பெட்டி கதையை விட்டுட்டு நேரா நிலத்துல பாத்தி கட்டி நடலாம், ஆனா வயல் தண்ணி வந்து சேர்ற இடமா எண்டு முதல்ல பாத்துக்கொள்ளுங்க, ஏன் எண்டத கீழ சொல்றன்.

செடி சரியானதா எண்டு பாக்கிறது

சிரிப்பா இருக்கும், ஆனா வல்லாரை எண்டு நினைச்சு வேற செடியை நட்டு வெச்சிருக்கிற வீடுகள் இருக்கு. மீன் தொட்டி, அல்லித் தொட்டியில அழகுக்கு வளக்கிற ஒரு நீர்ச்செடி இருக்கு, இலை வட்டமா, மினுமினுப்பா, பாத்த உடனே வல்லாரை போலவேதான் இருக்கும். வித்தியாசம் காம்புல இருக்கு. அந்தச் செடியில காம்பு இலைக்கு அடியில நட்டநடுவுல வந்து ஒட்டும், குடைக்குக் கம்பி பிடிச்ச மாதிரி. வல்லாரையில அப்பிடி வராது, இலையில ஒரு பக்கம் உள்ளுக்கு ஆழமா வெட்டுப்பட்டிருக்கும், அந்த வெட்டுக்குள்ளதான் காம்பு வந்து சேரும், அங்கயிருந்து நரம்புகள் விசிறிப் போகும், இலையோரம் சின்னச் சின்ன அலையா வெட்டின மாதிரி இருக்கும். ஒரு இலையைக் கசக்கி மணந்து பாருங்க, கரட் இலை, கொத்தமல்லி இலைப் பக்கமான ஒரு மணம் லேசா வரும், அது ஒரே குடும்பத்துச் செடிதான், தாவரவியல்ல சென்டெல்லா ஏசியாட்டிக்கா எண்டு சொல்றது. சிங்களத்துல கொட்டுகொல எண்டு விக்கிறதும் இதேதான்.

சந்தையில ரெண்டு விதமா வரும். ஒண்டு காம்பு நீளமா, இலை பெருசா நிமிந்து நிக்கிறது, இது விக்கிறதுக்கெண்டே வளக்கிறது, சம்பலுக்கு வசதி, ஒரு கட்டுல கனக்க இலை வரும். மற்றது சின்ன இலை, நிலத்தோட ஒட்டிப் படர்றது, கைப்பு கொஞ்சம் கூட, மருந்துக்கெண்டு தேடுறது அதைத்தான். புதுசா நடுற ஆக்கள் பெரிய இலையோட தொடங்குங்க. வெட்டவும் சுகம், கழுவவும் சுகம், மண் ஒட்டாது.

கன்று எங்க எடுக்கிறது

விதை தேடித் திரியாதீங்க. விதை முளைக்கிறது ஆறுதலான வேலை, முளைச்சாலும் கண்ணுக்குத் தெரியிற அளவுக்கு வர நாள் எடுக்கும். வல்லாரை கொடி விட்டுத்தான் பரவுது, மண்ணோட ஓடுற அந்தக் கொடியில கணுவுக்குக் கணு வேர் பிடிக்கும், அந்தக் கணு ஒண்டு கிடைச்சாலே ஒரு செடிதான்.

பக்கத்து வளவுல இருந்தா அங்கதான் கேக்கணும், ஒரு மாமியிட்டயோ அக்காயிட்டயோ கேட்டா ஒரு பிடி பிடுங்கித் தருவாங்க. இல்லாட்டி சந்தைக்குக் காலையில வெள்ளனப் போங்க, வெயில் ஏறினாப் பிறகு போனா வாடினதுதான் கிடக்கும். கட்டைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்க. களுவாஞ்சிக்குடிச் சந்தையில நான் கேக்கிறது இப்பிடித்தான்:

"அக்கா, இதுல வேரோட உள்ள கட்டு இருக்கா?"

"நடவா மகள்? அப்ப இத எடுக்காதீங்க, இது வெட்டினது. அந்தா கீழ கிடக்கிற கட்டு பிடுங்கினது, அதுல வேரு இரிக்கி."

சொன்னது சரி. வெட்டின கட்டுல காம்பு மட்டும்தான் இருக்கும், அத எத்தன நாள் தண்ணியில போட்டாலும் கன்று வராது. பிடுங்கின கட்டுல காம்புகள் எல்லாம் ஒரு புள்ளியில சேர்ற இடத்துல மண்ணிறமா ஒரு முடிச்சு இருக்கும், அதுக்கு அடியில நூல் மாதிரி வேர் தொங்கும். அந்த முடிச்சுதான் வேணும். இலையை வெட்டிச் சம்பலுக்கு வெச்சிட்டு முடிச்சுகளை ஒரு கிண்ணத்துத் தண்ணியில நிழல்ல வெச்சா ரெண்டு மூண்டு நாள்ல புது வேர் வெள்ளையா எட்டிப் பாக்கும், அப்ப நடலாம்.

வயல் வரம்பு, வாய்க்கால் ஓரத்துல பிடுங்கின கொடியையும் நடலாம், ஆனா அங்க பிடுங்கின இலையைச் சாப்பிடாதீங்க. நம்மட ரெண்டு மாவட்டமும் நெல்லுப் பூமி, போகத்துக்குப் போகம் களைநாசினியும் பூச்சிமருந்தும் அடிக்கிறாங்க, அந்தத் தண்ணி வடிஞ்சு நிக்கிற வரம்புலதான் காட்டு வல்லாரை செழிச்சு நிக்கும். கொண்டு வந்த கொடியில உள்ள இலையெல்லாம் வெட்டி எறிஞ்சிட்டு, வடிவாக் கழுவி, புது மண்ணுல நட்டு, முதல் தரம் வாற இலையையும் வெட்டி எறிஞ்சிட்டு, ரெண்டாம் தரம் வாறதுல இருந்து சாப்பிடுங்க.

பெட்டியும் மண்ணும்

நிலத்துல நட்டா மணல் தண்ணியைக் குடிச்சிரும், அதனால பெட்டிதான் என்ட சிபாரிசு. மீனுக்கு ஐஸ் போட்டு வாற ரெஜிபோம் பெட்டி இதுக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி, மண் சூடேறாது, கடற்கரை ஊர்கள்ல லேசாக் கிடைக்கும், ஆனா சவர்க்காரம் போட்டுத் தேய்ச்சு, ரெண்டு நாள் வெயில்ல காயவிட்டு மணம் போனாப் பிறகுதான் மண் போடணும். அது இல்லாட்டி பழைய பேசின், நீளப்பாட்டுக்கு ரெண்டாப் பிளந்த பிளாஸ்ரிக் கான், உரப்பை எதுவும் சரி. பூச்சிமருந்து வந்த கான் மட்டும் வேண்டவே வேண்டாம், எத்தன தரம் கழுவினாலும் வேண்டாம். ஆழம் 15 முதல் 20 சென்ரிமீற்றர் காணும், அகலம்தான் கூட இருக்கணும்.

ஓட்டை போடுற இடத்துல ஒரு விசயம் இருக்கு. எல்லாரும் பெட்டிக்கு அடியில ஓட்டை போடுவாங்க, வல்லாரைக்கு அப்பிடிப் போடாம பக்கச் சுவருல, அடியில இருந்து ரெண்டு விரலுக்கு மேல, சுத்திவர ஒரு ஆறு ஏழு ஓட்டை போடுங்க. அப்ப அடியில ரெண்டு விரல் அளவுக்குத் தண்ணி மண்ணுக்குள்ளேயே நிக்கும், மத்தியானம் வெயில் ஏறுற நேரம் வேர் அங்கயிருந்து உறிஞ்சிக்கொள்ளும், கூடின தண்ணி பக்கத்தால வடிஞ்சிரும். தண்ணி மண்ணுக்குள்ள நிக்கிறதால நுளம்பு முட்டையிட வழியில்ல. பெட்டிக்குக் கீழ தட்டு வெச்சுத் தண்ணி தேக்கிறது வேண்டாம், டெங்கு நுளம்புக்கு அந்தத் தட்டுத் தண்ணியே போதும்.

மண் கலவை சிம்பிள்தான், வளவு மண் ஒரு பங்கு, மக்கின மாட்டெரு இல்லாட்டி கொம்போஸ்ட் ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. ஆனா இதுல ரெண்டு இடத்துல கவனம் வேணும். முதலாவது எரு. பச்சை எருவைக் கலக்காதீங்க, இது பச்சையாச் சாப்பிடுற இலை, காம்பு நிலத்துல முட்டிக்கொண்டுதான் நிக்கும், பச்சை எருவுல உள்ள கிருமியெல்லாம் மழைத்துளி தெறிச்சாலே இலையில ஏறிரும். குறைஞ்சது நாலு மாசம் குவிச்சு மக்கவிட்ட எருவா இருக்கணும், கையில எடுத்தா சாணி மணம் வரப்படாது, மழை பெஞ்ச மண் மணம்தான் வரணும், நொறுக்கினா உதிரணும். கோழி எருவும் அப்பிடித்தான், பச்சையாப் போட்டா வேரும் எரிஞ்சிரும்.

ரெண்டாவது தும்புத்தூள். தும்புக்குத் தேங்காய் மட்டையை வாவிக் கரையில ஊறப்போட்டிருந்தா உப்புத் தூளோடயே வரும். அப்பிடியே மண்ணுல கலந்தா இலையோரம் கருகும், ஏன் கருகுது எண்டு தேடிக்கொண்டு தண்ணியையும் உரத்தையும் குறை சொல்லிக்கொண்டிருப்பீங்க. ஒரு சாக்குல போட்டு நல்ல தண்ணியில ஊறவிட்டு, பிழிஞ்சு, திரும்பவும் ஊறவிட்டு, இப்பிடி மூண்டு தரம் செய்யுங்க. கடைசித் தண்ணியை நாக்கு நுனியில வெச்சா உப்புக் கரிக்கப்படாது.

நடுற விதம்

கலவையைப் பெட்டியில போட்டு, மேல் விளிம்புக்கு மூண்டு விரல் கீழ நிறுத்தி, முதல் நாளே தண்ணி ஊத்தி வெச்சிருங்க. மண் தானா அமர்ந்திரும். அடுத்த நாள் பின்னேரம் வெயில் தணிஞ்சாப் பிறகு நடுங்க, காலையில நட்டா அண்டைக்கே ஒரு முழு வெயிலைத் தாங்கணும்.

கொடியாக் கிடைச்சா ரெண்டு மூண்டு கணு வாற மாதிரி துண்டாக்குங்க. பெரிய இலைகளை எல்லாம் காம்போட வெட்டிருங்க, ஒரு துண்டுக்கு ஒரு குஞ்சிலை இருந்தா காணும், வேர் இல்லாத நேரம் பெரிய இலை இருக்கிற ஈரத்தையும் இழுத்துக் கொட்டிரும். விரலால ஒரு சின்னக் கான் கீறி, கொடியை நிமித்தி நடாமப் படுக்க வைங்க, கணு மண்ணுல வடிவா முட்டணும், மேல அரை விரல் மண் தூவி கட்டை விரலால மெல்ல அமத்துங்க. முளை வாற நுனி மட்டும் வெளியில தெரியட்டும். முடிச்சோட உள்ள கன்றெண்டா வேர் மட்டும்தான் மண்ணுக்குள்ள போகணும், முடிச்சு மண்ணுக்குச் சரி மட்டமா நிக்கணும், அதுக்குக் கீழ புதைச்சா நடுக்குருத்து அழுகிரும். துண்டுக்குத் துண்டு ஒரு சாண் இடைவெளி விடுங்க. நட்ட உடனே பாக்க வெறுமையாத்தான் கிடக்கும், அவசரப்பட்டு இடையில இன்னும் நாலு கன்று திணிக்காதீங்க, கொடி ஓடி நிரப்பிரும்.

நட்டு முதல் ரெண்டு கிழமை முழு நிழல். அதுக்குள்ள பழைய இலை மஞ்சளாகி விழுந்தா பயப்படாதீங்க, நடுவுல புதுசா சுருண்ட இலை ஒண்டு விரிஞ்சா வேர் பிடிச்சிட்டுது எண்டு அர்த்தம்.

எந்த மாசம் எண்டு கேட்டா, மாரி ஓஞ்சு வாற தை, மாசிதான் என்ட கணக்குல நல்லது. நமக்கு மழை வடகீழ்ப் பருவக்காத்துலதான், ஐப்பசி கார்த்திகையில தொடங்கி தை வரைக்கும் கொட்டும், வருசத்து மழையில பெரும்பங்கு அந்தக் கொஞ்ச மாசத்துக்குள்ள வந்து முடிஞ்சிரும். கார்த்திகையில நட்டா வேர் பிடிக்க முந்தி மழை அள்ளிக்கொண்டு போயிரும். தை மாசத்துல நட்டா ஈரமும் இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது, வைகாசியில கச்சான் காத்து தொடங்கக்குள்ள செடி நல்லா ஊண்டி நிக்கும்.

தண்ணி

இந்தப் பகுதியை மட்டும் ரெண்டு தரம் வாசிச்சாலும் பரவாயில்ல.

கிணத்துத் தண்ணி நம்ம எல்லா வீட்டுலயும் இருக்கு, ஆனா கடலுக்கும் வாவிக்கும் கிட்ட உள்ள கிணறுகள் மாரியில நல்லா இருந்தாலும் ஆடி ஆவணியில உவர்ப்பாகிரும், நல்ல தண்ணி மேல மிதந்து நிக்கிறதுதான் மணல் கிணறு, அது குறையக் குறைய உப்பு மேல வரும், மோட்டர் போட்டு இழுத்தா இன்னும் கெதியா வரும். குடிக்கக்குள்ள லேசாத் தெரியாட்டியும் வல்லாரை காட்டிக் கொடுத்திரும், இலையோரம் மண்ணிறமாகி உள்ளுக்குக் கருகிக்கொண்டு வரும், மண்ணுக்கு மேல வெள்ளையாப் பூத்த மாதிரி ஒரு படை நிக்கும். சந்தேகமெண்டா ரெண்டு எவர்சில்வர் தட்டு எடுங்க, ஒண்டுல கிணத்துத் தண்ணி, மற்றதுல மழைத்தண்ணி, ஒரே அளவு ஊத்தி வெயில்ல காயவிடுங்க. கிணத்துத் தட்டுல வெள்ளை தடிப்பாப் படிஞ்சா அந்தத் தண்ணியை வல்லாரைக்குத் தனியா ஊத்தாதீங்க. சவர்க்காரம் நுரைக்கிறது குறையுதெண்டாலும் யோசிக்கணும்.

உன்னிச்சைக் குளத்துத் தண்ணி பைப்புல வாற வீடுகளுக்குக் கவலையில்ல, குளோரின் மணம் கூடவா இருந்தா ஒரு இரவு வாளியில பிடிச்சு துணியால கட்டி வெச்சிட்டு ஊத்துங்க. பைப் இல்லாத வீடுகள்ல மாரியில கூரைத் தண்ணியை மூடி போட்ட தாங்கியில பிடிச்சு வைங்க, முதல் மழை கூரையைக் கழுவி வாற தண்ணி, அத விட்டிருங்க. அரிசி கழுவின தண்ணி, மரக்கறி கழுவின தண்ணி ஊத்தலாம். மீன் கழுவின தண்ணி, உடுப்புத் துவைச்ச தண்ணி, கோப்பை கழுவின சவர்க்காரத் தண்ணி எதுவும் இந்தப் பெட்டிக்கு வரப்படாது. முந்தி கிணத்தடியில குளிக்கிற தண்ணி ஓடுற கான் ஓரத்துலதான் வல்லாரை நிக்கும், அப்ப சவர்க்காரமும் ஷாம்புவும் இவ்வளவு இல்ல. இப்ப அந்த இடம் வேண்டாம். மலசலகூடக் குழிக்குக் கிட்டயும் வேண்டாம், மணல் தரையில தண்ணி எவ்வளவு கெதியா நகருதோ அழுக்கும் அவ்வளவு கெதியா நகரும்.

எவ்வளவு ஊத்துறது? விரலை மண்ணுக்குள்ள ஒரு கணு வரைக்கும் விட்டுப் பாருங்க, குளிர்ச்சியா ஈரமா இருந்தா விட்டிருங்க, காஞ்சிருந்தா ஊத்துங்க. மாரியில பல நாள் ஊத்தவே தேவையில்ல. கச்சான் காலத்துல காலையில ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. ஊத்தக்குள்ள மண்ணுல ஊத்துங்க, இலைக்கு மேலால அடிச்சு ஊத்தினா மண் தெறிச்சு இலையில ஒட்டும், பிறகு கழுவுறது உங்கட தலையில.

நிழலும் கச்சானும்

முழு வெயில்ல வெச்சாலும் வல்லாரை சாகாது, ஆனா இலை சின்னதாகி, காம்பு கட்டையாகி, சிவப்படிச்சு, கைப்பு கூடிரும். முழு நிழல்ல வெச்சா காம்பு மட்டும் நெடுநெடுவெண்டு போய் விழுந்திரும். காலை வெயில் பட்டு மத்தியானம் நிழல் வாற இடம்தான் பதம், வீட்டுக்குக் கிழக்குப் பக்கச் சுவரோரம், மாமரத்து ஓர நிழல், வாழைக்குக் கீழ எல்லாம் நல்லம். தென்னைக்குக் கீழ வைக்காதீங்க, ஒரு தேங்காய் விழுந்தாலே பெட்டி பிளந்திரும். மரம் இல்லாட்டி பச்சை நெட் கட்டலாம், பாதி வெயில் மறைக்கிற நெட் கேளுங்க.

கச்சான் மேற்காலருந்து அடிக்கிற காஞ்ச காத்து, வெயிலை விட அதுதான் வல்லாரைக்கு எதிரி, காலையில ஊத்தின ஈரம் பத்து மணிக்கு இல்லாமப் போயிரும். மேற்குப் பக்கத்துல ஒரு கிடுகைச் சாத்தி விடுங்க, அவ்வளவுதான், பெரிய செலவில்ல. மண்ணுக்கு மேல செடிகளுக்கு இடையில காஞ்ச வைக்கோலோ சருகோ மெல்லிசாப் பரப்பி விட்டாலும் ஈரம் நிக்கும்.

மாரியும் வெள்ளமும்

மழைக்காலத்துல பெட்டியை ரெண்டு கல்லுக்கு மேல தூக்கி வைங்க. 2011 தை மாசத்து வெள்ளத்தைப் பாத்த ஆக்களுக்கு இது சொல்லத் தேவையில்ல, கிணறும் மலசலகூடக் குழியும் வாய்க்காலும் ஒரே தண்ணியாத்தான் நிண்டது. வெள்ளத் தண்ணி ஒருக்கா இலையில பட்டா அந்த இலையைச் சாப்பிடுற கதையே வேண்டாம், பாக்கப் பச்சைப்பசேலெண்டு இருந்தாலும் சரி. மட்டமா வெட்டி எறிஞ்சிட்டு, நல்ல தண்ணியால மண்ணை ரெண்டு மூண்டு தரம் அலசி விட்டு, புது இலை வந்தாலும் முதல் வெட்டை எறிஞ்சிருங்க. கிணத்துக்குக் குளோரின் போட்டுத் துப்பரவாக்கின பிறகுதான் அந்தத் தண்ணியைத் திரும்பவும் ஊத்தணும்.

பூச்சி கரைச்சல் வல்லாரைக்குக் குறைவு. இலையில மண்ணிறப் புள்ளி வந்தா அந்த இலைகளை வெட்டிக் காத்தோட்டம் குடுங்க, காணும். மருந்து அடிக்காதீங்க, பச்சையாச் சாப்பிடுற இலைக்கு மருந்தே வேண்டாம் எண்டதுல நான் பிடிவாதம்தான். நத்தைதான் பெரிய விசயம். மாரியில பெரிய ஆபிரிக்க நத்தையும் ஓடில்லாத நத்தையும் ராவைக்கு ஏறி வரும். இலையைத் தின்னுறது ஒரு பக்கம், சில நத்தைகளுக்குள்ள இருக்கிற ஒரு புழு பச்சை இலையோட நம்மட வயித்துக்குள்ள போனா மூளைச்சவ்வு வரைக்கும் போய் வருத்தத்தைக் குடுக்கும். ராவைக்கு டோர்ச் அடிச்சு, கையில ஒரு பொலித்தீன் பேக்கைப் போட்டுக்கொண்டு பொறுக்கி எடுங்க, வெறுங்கையால தொடாதீங்க. பெட்டியை மேசை மாதிரி உயரத்துல வெச்சு, கால்களைச் சுத்திச் செப்புக் கம்பியோ தகடோ கட்டினா ஏறுறது குறையும். பெட்டியைச் சுத்தி உப்புப் போடாதீங்க, மழையோட அது மண்ணுக்குள்ளதான் போகும். வெள்ளி மாதிரி மினுங்குற கோடு உள்ள இலையை எறிஞ்சிருங்க.

ஆடு, கோழி, கட்டாக்காலி மாடு, இதுகளுக்கு நெட்டைத் தவிர வேற வழியில்ல.

வெட்டுறது

நட்டு ரெண்டு மூண்டு மாசத்துல பெட்டி நிறைஞ்சிரும். பிடுங்காதீங்க, ஒரு கூரான கத்தரிக்கோலால காம்பை மண்ணுக்கு ரெண்டு விரல் மேல வெட்டுங்க. வெளிப்பக்கத்து முத்தின இலை முதல்ல, நடுவுல சுருண்டு கிடக்கிற குஞ்சிலையும் குருத்தும் அப்பிடியே இருக்கட்டும். பெட்டியில பாதியை இந்தக் கிழமை, மற்றப் பாதியை ரெண்டு கிழமை கழிச்சு எண்டு மாறி மாறி வெட்டினா வீட்டுக்கு எப்பவும் இலை இருக்கும். வெட்டின பக்கத்துக்கு ஒரு பிடி மக்கின கொம்போஸ்ட் தூவித் தண்ணி ஊத்துங்க, யூரியா தேவையே இல்ல. வெட்டின இடம் திரும்பவும் நிறைய ஒரு மாசம், ஒண்டரை மாசம் ஆகும்.

காலையில வெட்டுங்க, அப்பதான் இலை விறைப்பா இருக்கும். உடனே சமைக்காட்டி கழுவாம, ஈரத்துணியில காம்பைச் சுத்தி, மூடுற டப்பாவில போட்டு பிரிட்ஜ்ல வெச்சா மூண்டு நாலு நாள் தாங்கும். கழுவி வெச்சா அடுத்த நாளே வழுவழுக்கும்.

கழுவி, அரிஞ்சு, சம்பல் போடுறது

கட்டாத் தண்ணியில முக்கி எடுக்கிறது கழுவினதில்ல. ஒவ்வொரு காம்பாப் பிரிச்சு, இலையின்ட அடிப்பக்கத்தைப் பெருவிரலால தடவி, ஓடுற தண்ணியில கழுவுங்க, அந்த வெட்டுப்பட்ட மூலையிலதான் மண்ணும் முட்டையும் ஒளிஞ்சிருக்கும். பிறகு ஒரு பேசின் தண்ணியில உப்புப் போட்டு பத்து நிமிசம் ஊறவிடுங்க, புழு பூச்சி கழண்டு அடியில போகும், இலையை மேலால அள்ளி எடுங்க, தண்ணியைச் சாய்ச்சு ஊத்தினா அடியில கிடக்கிறது திரும்ப இலையிலதான் வரும். கடைசியா ஒருக்கா கொதிச்சு ஆறின தண்ணியில அலசுங்க. உப்புத் தண்ணி கிருமி எல்லாத்தையும் கொல்லாது, அதனாலதான் இலை வளர்ற தண்ணியே நல்லதா இருக்கணும் எண்டு இவ்வளவு நேரம் சொன்னது.

ஈரம் வடியவிட்டு, துணியில ஒத்தி எடுங்க. இலைகளை ஒரே பக்கமா அடுக்கி, இளங்காம்பையும் சேத்து, இறுக்கி ஒரு சுருட்டுப் போலச் சுருட்டி, கூரான கத்தியால நூல் நூலா அரியுங்க. மொட்டைக் கத்தியெண்டா இலை அரிபடாது, நசிபட்டுக் கறுத்திரும், கைப்பும் கூடும். சின்ன வெங்காயம், பச்சமிளகாய் பொடியா அரிஞ்சது, புதுசாத் துருவின தேங்காய்ப்பூ, கொஞ்சம் மிளகுத்தூள், மாசிக்கருவாடு இருந்தா அதையும் இடிச்சு, இவ்வளவையும் முதல்ல உப்போட கையால பிசைஞ்சு வெச்சுக்கொள்ளுங்க. சோறு போட்டு எல்லாரும் இருந்தாப் பிறகு இலையைக் கொட்டி விரல் நுனியால பிரட்டி, தேசிப்புளியைக் கடைசியாப் பிழியுங்க. புளி முந்திப் பட்டா பச்சை நிறம் போய் மங்கின நிறமாகிரும், தண்ணியும் விட்டிரும். மிஞ்சினத ராவைக்கு வைக்காதீங்க, நம்மட சூட்டுல தேங்காய்ப்பூ கெதியாப் பழுதாகும்.

சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், வருத்தம் வந்து எழும்பின ஆக்கள் உள்ள வீட்டுல சம்பலை விட சுண்டல்தான் நல்லம், தேங்காய்ப்பூவோட ரெண்டு நிமிசம் சட்டியில பிரட்டினா காணும். இல்லாட்டி இலைக்கஞ்சி, அரிசி அவிஞ்சு குழைஞ்சு தேங்காய்ப்பால் விட்டுக் கொதிச்சாப் பிறகு அரைச்சு வடிச்ச வல்லாரைச் சாறை ஊத்தி, திரும்ப ஒரு கொதி வந்ததும் இறக்கணும், கனக்க நேரம் விட்டா நிறமும் மணமும் போயிரும். ஞாபகசக்திக்கு எண்டு சொல்லி வெறும் சாறை தம்ளர் கணக்குல குடிக்கிறதும், மாத்திரையா வாங்கி மாசக்கணக்கா விழுங்கிறதும் வேற விசயம், அப்பிடி மாத்திரை எடுத்த சிலருக்கு ஈரல் பாதிச்சது வைத்தியத்துல பதிவாகியிருக்கு. ஈரல் வருத்தம் உள்ள ஆக்களும் கர்ப்பிணிகளும் டொக்டரைக் கேக்காம அதுல இறங்காதீங்க. சோத்தோட சாப்பிடுற ஒரு பிடி சம்பலுக்கு அந்தப் பயம் தேவையில்ல.

ஒரு வருசம் போல போனா பெட்டிக்குள்ள கொடி ஒண்டுக்கு மேல ஒண்டாப் பின்னி, இலை சின்னதாகத் தொடங்கும். அப்ப முழுசையும் கிளப்பி, மண்ணைக் கொட்டி, புது எருவும் கழுவின தும்புத்தூளும் கலந்து, இளங்கொடியை மட்டும் தெரிஞ்சு திரும்ப நடுங்க, பழைய தடிச்ச கொடி வேண்டாம். வேர்ல சின்னச் சின்ன முடிச்சு முடிச்சா வீங்கியிருந்தா அது மண்ணுல உள்ள நுண்புழு, அந்தக் கன்றையும் மண்ணையும் திரும்பப் பாவிக்காதீங்க, பக்கத்து வளவுக்கும் குடுக்காதீங்க. அப்பிடி எதாவது கண்டா, இல்லாட்டி இதுல சொல்லாத நோய் வந்தா, உங்கட பகுதி விவசாயப் போதனாசிரியரிட்ட ஒரு கன்றைப் பையில போட்டுக் கொண்டுபோய்க் காட்டலாம், விவசாயத் திணைக்களத்தின்ட 1920 நம்பருக்கு அடிச்சும் கேக்கலாம்.